ஓட்டுபவர் கண்ணில் படாத பின்பக்கம்: அன்றாட ஸ்கூட்டருக்குச் சில பழக்கங்கள்

சைடு ஸ்டாண்டை மடக்காமல் கிளம்பிவிட்டால் தெருவே நமக்காகக் குரல் கொடுக்கும். "அண்ணா, ஸ்டாண்டு!" என்று எதிரே வருபவர் கத்துவார், சிக்னலில் பக்கத்தில் நிற்பவர் கையை நீட்டிக் காட்டுவார். சேலைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தின் பக்கம் தொங்கினால், முன்பின் தெரியாத ஒருவர் வேகமாக வந்து சொல்லிவிட்டுப் போவார். ஆனால் பின்விளக்கு எரியாத ஸ்கூட்டரைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. பின்னால் வருபவர் அதைப் பார்ப்பதே கடைசி நொடியில்தான். ஒடித்துத் திருப்பித் தப்பியபின் திட்டத்தான் தோன்றுமே தவிர, நிறுத்தி விவரம் சொல்லத் தோன்றாது. எனக்கு இதைச் சொன்னவர் எங்கள் குடியிருப்பின் இரவுக் காவலாளி. "சார், பின்னாடி லைட்டே இல்ல. நேத்து நைட்டு நீங்க வெளிய போனப்ப வண்டியே தெரியல" என்றார். எத்தனை நாளாக அப்படி ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சென்னை போன்ற நகரத்தில் நாள்தோறும் அலுவலகத்துக்கும் கடைக்கும் 110 அல்லது 125 சிசி பெட்ரோல் ஸ்கூட்டரில் போய்வருபவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இருக்கையில் உட்கார்ந்தவருக்கு வேகமானி தெரியும், பெட்ரோல் முள் தெரியும், எதிரே உள்ள சாலை தெரியும். பின்விளக்கும் பின்டயரும் தன் முதுகும் தெரியாது. ஸ்கூட்டரில் ஆபத்தான கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தத் தெரியாத பக்கத்தில்தான் வருகின்றன என்பது என் அனுபவம். ஆகவே பராமரிப்பையும் பிறர் கண்ணில் படுவதையும் இரண்டு வேலைகளாகப் பிரிக்காமல் ஒன்றாகவே பார்ப்பது நல்லது.

சுவர் முன் இரண்டு நிமிடம்

வாரம் ஒருமுறை, இருட்டியபின், வண்டியின் பின்பக்கம் ஒரு சுவருக்கு இரண்டு முழத் தூரத்தில் இருக்குமாறு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வண்டியை இயக்கி, ஆக்சிலேட்டரைத் தொடாமல், விளக்குகள் எரியும் நிலையில் திரும்பிச் சுவரைப் பாருங்கள். மங்கலான சிவப்பு வெளிச்சம் விழ வேண்டும். இடதுகைப் பிரேக்கை மட்டும் பிடித்தால் அந்தச் சிவப்பு பளிச்சென்று கூட வேண்டும். விட்டால் மறுபடி குறைய வேண்டும். பிறகு வலதுகைப் பிரேக்கை மட்டும் பிடித்துப் பாருங்கள். இரண்டையும் தனித்தனியே பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு பிரேக் பிடிகளுக்கும் அடியில் தனித்தனிச் சுவிட்சு இருக்கிறது. நாம் அதிகம் பிடிக்கும் பக்கத்துச் சுவிட்சு முதலில் தேய்ந்தோ அழுக்கடைந்தோ போகும். இரண்டையும் சேர்த்துப் பிடித்துச் சோதித்தால் நன்றாக உள்ள சுவிட்சு விளக்கை எரியவைத்துவிடும். கெட்டுப்போனது தெரியாமலே இருந்துவிடும்.

பழைய வகைப் பின்விளக்கில் இருப்பது 12 வோல்ட், 21/5 வாட் பல்பு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் உண்டு: 5 வாட் இழை எப்போதும் எரிவதற்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. ஒன்று அறுந்தாலும் மற்றது எரியும் என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எரிவதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்கிறார்கள், பிரேக்கைத் தொடாமல் ஓட்டும் நேரமெல்லாம் வண்டி இருட்டில் கரைந்துவிடுகிறது. பல்பை மாற்றுவது ஒரு திருப்புளி வேலை. அதன் அடிப்பகுதியில் உள்ள இரண்டு குமிழ்களும் ஒரே உயரத்தில் இருக்காது. பொருத்துமிடத்தின் பள்ளங்களும் அதற்கேற்ப மேலும் கீழுமாக இருக்கும். மெல்ல அழுத்தித் திருப்பினால் தானாக உட்கார்ந்துகொள்ளும். உட்காரவில்லை என்று வலுவந்தமாகத் தலைகீழாக மாட்டினால், எப்போதும் பளிச்சென்று எரிந்து பிரேக் பிடிக்கும்போது எந்த மாற்றமும் காட்டாத விளக்கு கிடைக்கும். பொருத்துமிடத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் இது அடிக்கடி வரும். எல்இடி விளக்கானால் பல்பு மாற்றும் பேச்சே இல்லை, பெரும்பாலும் விளக்கை முழுதாக மாற்ற வேண்டியிருக்கும்.

இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டால், அந்தப் பக்கத்தில் முன்னோ பின்னோ ஒரு பல்பு போய்விட்டது என்று பொருள். பல்பு உள்ள வண்டிகளில் இதைப் பெரும்பாலும் நம்பலாம்.

2017 ஏப்ரல் முதல் வந்த புதிய இருசக்கர வாகனங்களில் இஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு தானாக எரியும். அணைப்பதற்குச் சுவிட்சு கிடையாது. வந்த புதிதில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் விரல்களை மூடித் திறந்து "லைட் எரியுது" என்று காட்டிக்கொண்டே போனார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் போடுவதும் அணைப்பதும் நம் கையில் இல்லாததால் அந்த விளக்கைக் கவனிக்கும் பழக்கமும் நம்மிடமிருந்து போய்விட்டது. பகலில் பியூஸ் போனால் இரவில்தான் தெரியவரும். சிக்னலில் முன்னால் நிற்கும் காரின் பின்பக்கப் பளபளப்பில் நம் விளக்கின் பிம்பம் தெரியும்; ஒரு கண் வைத்தால் போதும்.

முதுகும் மழைக்கோட்டும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சென்னைச் சாலைகளில் ஓடும் ஸ்கூட்டர்களைப் பின்னாலிருந்து பாருங்கள். மழைக்கோட்டு கறுப்பு அல்லது கருநீலம். அதன் பின்தொங்கல் இருக்கையைத் தாண்டி வழிந்து பின்விளக்கின் மேல்பாதியை மூடியிருக்கும். கொட்டும் மழையில், ஈரக் கண்ணாடி வழியே, பேருந்து ஓட்டுநருக்குத் தெரிய வேண்டிய ஒரே சிவப்புப் புள்ளியையும் நாமே திரைபோட்டு மறைத்துவிடுகிறோம். உட்கார்ந்தபின் கோட்டின் பின்பகுதியைத் தொடைக்கடியில் மடித்துவிட்டுக்கொண்டால் இது தீர்ந்தது. பின்கம்பியில் கட்டிய பையும் சாக்கும் இதே தவறைச் செய்யும்.

மழைக்கோட்டு வாங்கும்போது மஞ்சள், ஆரஞ்சு போன்ற நிறத்தைக் கேட்டு வாங்குங்கள். கறுப்பு ஏற்கெனவே இருந்தால், நாம் 'ரேடியம்' என்று அழைக்கும் ஒளித்திருப்பும் ஸ்டிக்கரை ஒட்டுங்கள். அதில் ரேடியமும் இல்லை, அது தானாக ஒளிர்வதும் இல்லை. விழும் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் பின்னால் வரும் வண்டியின் முகப்பு விளக்கு படும்போது அந்த ஓட்டுநரின் கண்ணுக்கு அது எரிவதுபோல் தெரிகிறது. பகலில் இது பயன்படாது, பகலுக்கு நிறம்தான் வேண்டும். இரவில் நிறம் அவ்வளவு உதவாது, அப்போது ஸ்டிக்கர் வேண்டும். ஹெல்மெட்டின் பின்புறத்தில் ஒரு பட்டை ஒட்டுங்கள். வண்டியின் பின்பக்கம் இடமும் வலமுமாக, முடிந்த அளவு தள்ளித்தள்ளி, இரண்டு சிவப்புத் துண்டுகள் இருக்கட்டும். ஒற்றைப் புள்ளியின் தொலைவை இருட்டில் கணிப்பது கடினம், இரண்டு புள்ளிகள் விலகிக்கொண்டே வந்தால் நெருங்குகிறோம் என்பது பின்னால் வருபவருக்குப் புரியும். பக்கங்களில் மஞ்சள் இருக்கலாம். வெள்ளையைப் பின்னால் ஒட்டாதீர்கள். வண்டி எந்தத் திசையில் போகிறது என்ற குழப்பம் வரும். முதுகுப்பை மாட்டுபவர்கள் ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிப் பயனில்லை, பையில் ஒட்ட வேண்டும்.

மழையில் நான்கு இண்டிகேட்டர்களையும் ஒரே நேரத்தில் மின்னவிட்டு ஓட்டும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நான்கும் மின்னும்போது இடம் திரும்பப் போகிறோமா வலம் திரும்பப் போகிறோமா என்று சொல்ல வழியே இல்லாமல் போகிறது. நின்றுபோன வண்டிக்கு அது சரி, ஓடும் வண்டிக்கு இல்லை.

எங்கே ஓட்டுவது

விளக்கும் நிறமும் எவ்வளவு இருந்தாலும், மற்றவர் பார்வையே எட்டாத இடத்தில் நின்றால் வீண்தான். பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவிலுள்ள சந்து அப்படிப்பட்ட இடம். நிறுத்தத்தை நோக்கி இடப்பக்கம் ஒதுங்கும் பேருந்து நம்மை நெருக்கும்; நின்றுவிட்டால் படியிலிருந்து இறங்குபவர் நேராக நம்மேல் இறங்குவார். தண்ணீர் லாரியும் கன்டெய்னர் லாரியும் இன்னும் மோசம். ஓட்டுநர் உயரத்தில், வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். வண்டியின் இடப்பக்க முன்மூலையை ஒட்டி நிற்கும் ஸ்கூட்டர் அவருடைய சன்னலுக்குக் கீழே மறைந்துவிடும். சிக்னலில் அந்த மூலையில் போய் நிற்காதீர்கள், லாரி இடப்பக்கம் திரும்பினால் பின்சக்கரம் உள்ளே வாரிக்கொண்டு வரும். பெரிய வண்டியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கு நாமும் தெரியவில்லை.

ஆட்டோவின் பின்னால் போகும்போது அதன் ஓட்டுநர் எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள். தலை நடைபாதைப் பக்கம் திரும்பியிருந்தால் அவர் சவாரி தேடுகிறார். எந்த நொடியிலும் ஒதுங்குவார். மணிக்கு 40 கிலோமீட்டரில் நாம் ஒரு நொடிக்குப் 11 மீட்டர் போகிறோம் என்பதை மனத்தில் வைத்து இடைவெளி விடுங்கள்.

பிடிப்பும் காற்றும்

கூட்டுப் பிரேக் என்பது இடதுகைப் பிடியை அழுத்தினால் பின்சக்கரத்தோடு முன்சக்கரமும் ஓரளவு பிடிக்கும் ஏற்பாடு. 2019 ஏப்ரலில் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் இதுவோ, சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோ கட்டாயமாக்கப்பட்டது. இது வந்தபின் வலதுகைப் பிரேக்கைத் தொடாமலே ஓட்டுபவர்கள் பெருகிவிட்டார்கள். முழுப் பிடிப்புக்கு இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். டிரம் பிரேக்கில், பிடியின் நுனி ஏறத்தாழ 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா நகர்ந்தபின் பிடிக்கத் தொடங்க வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் சக்கரத்தருகே உள்ள நட்டைத் திருப்பி இறுக்கலாம். இறுக்கி இறுக்கி நட்டு முடிவுக்கு வந்துவிட்டால் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

டயர் காற்றைப் பொறுத்தவரை, பங்க்கில் "எவ்வளவு?" என்று கேட்டால் "போடுங்க" என்று சொல்லாமல் எண்ணைச் சொல்ல வேண்டும். பல 110 சிசி ஸ்கூட்டர்களுக்கு முன்னால் 22, பின்னால் 29, பின்னால் ஆள் உட்காருவதானால் 36 பிஎஸ்ஐ. உங்கள் வண்டிக்கு உரியதைக் கையேட்டில் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பின்டயர் முன்டயரைவிட விரைவில் தேயும், நம் கண்ணில் படுவதோ முன்டயர்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் உண்டு: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. புதிது என்று கொடுப்பதன் வயதை அதில் சரிபார்க்கலாம். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள். ஆணியோடு மெதுவாகப் பஞ்சர் கடைவரை போய்விடலாம்.

காலையில் கிளம்பாத வண்டி

செல்ஃப் அழுத்தினால் 'டக்' என்று மட்டும் கேட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பேட்டரி. ஹாரன் கம்மிப்போயிருக்கிறதா, இண்டிகேட்டர் மெதுவாக மின்னுகிறதா என்று பாருங்கள். இரண்டுமே பேட்டரி களைத்ததற்கு அடையாளம். அந்த நிலையில் உதைத்துக் கிளப்பி ஓட்டினாலும், சாலையில் பிரேக் விளக்கும் ஹாரனும் மங்கலாகத்தான் வேலை செய்யும் என்பதை மறக்கக் கூடாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் ஸ்கூட்டர்கள் கார்புரேட்டரைவிட்டு, பெட்ரோலை இஞ்சினுக்குள் அளந்து பீய்ச்சும் எரிபொருள் ஊசிமுறைக்கு (எஃப்ஐ) மாறிவிட்டன. அவற்றில் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தால் ஓடுவதால் பேட்டரி அடியோடு தீர்ந்துவிட்டால் உதைத்தும் பயன் இராமல் போகலாம். இப்படிப்பட்ட வண்டியில் சாவியைத் திருப்பியதும் கேட்கும் மெல்லிய 'ஸ்ஸ்' ஓசை அடங்கும்வரை பொறுத்து, பிறகு செல்ஃப் அழுத்துங்கள்.

இஞ்சின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை என்றால், இஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் தேய்ந்திருக்கலாம். ஏறத்தாழ 20,000 கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியில் அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு விட்ட பெல்ட் அறுவதற்கு மேம்பாலத்தின் உச்சியைத் தேர்ந்தெடுப்பதுபோல் எனக்குத் தோன்றுவதுண்டு. அங்கே நின்றுவிட்டால் இடப்பக்கம் ஒதுக்கி, நான்கு இண்டிகேட்டர்களையும், இல்லாவிட்டால் இடப்பக்கத்ததையாவது மின்னவிட்டு, இருக்கையைத் தூக்கி டிக்கியைத் திறந்து வையுங்கள். தொலைவிலேயே வண்டி நிற்கிறது என்று தெரியும். நீங்கள் வண்டிக்கு முன்னால் போய் நில்லுங்கள். பின்னால் நின்றால் விளக்கையும் மறைப்பீர்கள், முதல் அடியும் உங்களுக்கே விழும்.

தேங்கிய நீரில் இஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி கிளப்பவே கிளப்பாதீர்கள், தள்ளிக்கொண்டு போங்கள். இஞ்சின் ஆயில் பால் கலந்த தேநீர்போல் இருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது. ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

சர்வீஸ் முடிந்து வாங்கும்போதும் இந்தச் சோதனை வேண்டும். வாட்டர் சர்வீஸில் அழுத்தமாகப் பீய்ச்சும் நீர் பிரேக் சுவிட்சுக்குள் புகுந்து, பிடியை விட்டபின்னும் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்படி செய்துவிடுவதுண்டு. பணம் கொடுப்பதற்கு முன், அங்கே வேலை செய்யும் தம்பி ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள், இடதைப் பிடித்து விட்டு, வலதைப் பிடித்து விட்டு, "எரியுது... அணைஞ்சிருச்சு... எரியுது... அணைஞ்சிருச்சு" என்று அவர் வாயால் நான்கு முறை கேட்டபின் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.