உருளும் பீப்பாயில் கற்களை மெருகேற்றும் முறை

கரடுமுரடான கற்களை வீட்டிலேயே பளபளக்கச் செய்ய முதலில் கவனிக்க வேண்டியது அவற்றின் கடினத்தன்மை. கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் ஏறத்தாழ 7 என மதிப்பிடப்படும் குவார்ட்ஸ், அகேட், ஜாஸ்பர் ஆகியவற்றை ஒரே பீப்பாயில் ஒன்றாகப் போடலாம். காங்கேயம் பக்கம் கிடைக்கும் சந்திரகாந்தக்கல்லோ அவற்றைவிட மென்மையானதும் எளிதில் பிளவுபடுவதுமாகும் என்பதால், அதைத் தனியாகவே உருட்ட வேண்டும். விரிசல் விட்ட கற்களைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

பீப்பாயின் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகப் பெரிதும் சிறிதுமான கற்களை நிரப்பி, மேல்வரிசைக் கற்களுக்குச் சற்றுக் கீழே நிற்குமளவு நீர் ஊற்ற வேண்டும். கற்கள் குறைந்தால் அவை வழுக்கி உருள்வதற்குப் பதிலாக மோதிச் சிதையும். சுமார் ஒன்றரைக் கிலோ கொள்ளும் பீப்பாய்க்கு 60/90 எண் (எண் கூடக் கூடத் தூள் நுண்ணியது) சிலிக்கன் கார்பைடு தேய்ப்புத்தூள் 4 மேசைக்கரண்டி போதும். ஒரு வாரம் இடைவிடாது ஓடியபின் திறந்து பாருங்கள். குழிகள் எஞ்சியிருந்தால் புதிய தூளிட்டு மீண்டும் ஓட்டுங்கள். இங்கே காட்டும் அவசரத்தைப் பிந்தைய எந்தக் கட்டமும் ஈடுசெய்யாது.

அடுத்து 120/220, பிறகு 500 எண் தூள்கள், இறுதியில் அலுமினியம் ஆக்சைடு மெருகுத்தூள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு வாரம். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கற்களையும் பீப்பாயையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் ஒரே ஒரு பருமனான துகள்கூட மெருகைக் கீறிவிடும். கழுவிய சேற்றைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அது குழாய்க்குள் சிமெண்டுபோல் இறுகும். அதை உலரவிட்டுப் பொடியாக்குவதும் தவறு, ஏனெனில் அந்த நுண்தூசி நுரையீரலுக்குக் கேடு.