நிலவின் மண்ணுக்குள் எட்டிப் பார்ப்போம்: ரேடார் படம் படிக்கும் முறை

2024 ஆகஸ்டில் கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜித் இந்தியா தெருவில் நடைபாதை உள்வாங்கியபோது, மண்ணுக்குள் ரேடியோ அலை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் ‘நிலம் ஊடுருவும் ரேடார்’ பற்றி நம் வீடுகளிலும் பேசினோம். அந்த வகைக் கருவி நிலவிலும் இருக்கிறது. 2019 ஜனவரியில் நிலவின் மறுபக்கத்தில் இறங்கிய சீனாவின் யூது-2 ஊர்தி அதைச் சுமந்து சென்றது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளோடு அந்த ரேடார் தந்த படங்களைப் பார்த்தேன். ஓரத்தில் போட்டிருந்த மீட்டர் கணக்கை எல்லாரும் அப்படியே நம்பினார்கள். ரேடாருக்கு ஆழம் தெரியாது. அலை போய்த் திரும்பிய நேரம் மட்டுமே தெரியும். படத்தில் குறுக்கே ஊர்தி போன தூரம், மேலிருந்து கீழே அந்த நேரம். அதனால் நேரத்திலிருந்தே தொடங்குங்கள்.

படி 1: படத்தைச் சுத்தம் செய்யுங்கள். ஊர்தி நின்ற இடங்களில் ஒரே பதிவு திரும்பத் திரும்ப வரும், அதை நீக்குங்கள். ஊர்தி நகர்ந்தும் மாறாத கிடைக்கோடுகள் பெரும்பாலும் கருவியின் சொந்தச் சத்தம். எல்லாப் பதிவுகளின் சராசரியையும் எடுத்துக் கழித்துவிடுங்கள்.

படி 2: கவிழ்த்த கிண்ணம் போன்ற வளைவைத் தேடுங்கள். இதுதான் முக்கியம், அவசரம் வேண்டாம். மண்ணுக்குள் ஒரு பாறை இருந்தால், ஊர்தி நெருங்க நெருங்க எதிரொலி சீக்கிரம் வரும், தாண்டிப் போனதும் மறுபடி தாமதமாகும். கிராஃப் தாளில் பென்சிலால் வரைந்து பாருங்கள். பயிற்சிக்கு ஒரு கணக்கு: உச்சியில் 32 நானோ வினாடி, அங்கிருந்து 2 மீட்டர் தள்ளி 40 நானோ வினாடி. 40-இன் வர்க்கத்தில் 32-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 24. போக 2, வர 2, ஆக 4 மீட்டரை 24-ஆல் வகுங்கள். வேகம் நானோ வினாடிக்குச் சுமார் 16.7 சென்டிமீட்டர். பள்ளியில் படித்த பித்தாகரஸ்தான், வேறொன்றுமில்லை!

படி 3: ஆழம். வேகத்தை 32-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் சுமார் 2.7 மீட்டர். பாதியாக்க மறந்தால் பாறை இரட்டிப்பு ஆழத்துக்குப் போய்விடும்.

படி 4: வெற்றிடத்தில் ஒளி நானோ வினாடிக்கு 30 சென்டிமீட்டர் போகும். 30-ஐ 16.7-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் மின்காப்பு மாறிலி, அதாவது ஒரு பொருள் அலையை எவ்வளவு மெதுவாக்குகிறது என்று காட்டும் எண், இங்கே 3.2. தண்ணீருக்கு அது கிட்டத்தட்ட 80. நம் ஊர் ஈரக் களிமண்ணில் அலை சில மீட்டருக்குள்ளேயே தேய்ந்துபோவதற்கு ஈரமும் அதில் கரைந்த உப்புமே காரணம். வறண்ட நிலவிலோ யூது-2-இன் 500 மெகாஹெர்ட்ஸ் அலை 40 மீட்டர் வரை காட்டியது: மேலே சுமார் 12 மீட்டர் நுண்ணிய மண், 24 மீட்டர் வரை பாறைகள் கலந்த அடுக்கு, அதற்குக் கீழே பருமனும் நுண்மையும் மாறி மாறி. எனக்கு இன்னும் சிலிர்க்கிற படம் அது.

சரி, இப்போது கொஞ்சம் கீழே இன்னொரு வளைவைப் பிடித்து அதே கணக்கைப் போடுங்கள். கிடைப்பது அந்த ஆழம் வரைக்குமான சராசரி வேகம். கீழே போகப் போக மண் இறுகுவதால் அது பெரும்பாலும் குறைந்து வரும். ஆழத்துக்கு ஆழம் அந்தந்த வேகத்தை வைத்து மீட்டர் அளவை நீங்களே குறியுங்கள்.