ஜப்பானின் நூறு நகரங்கள்: ஜேசிசி விருதுக்கு எப்படிச் சேர்ப்பது

பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசும் ஹாம் வானொலியில், பேசிய ஊர்களைச் சேர்க்க ஆசையா? ஜப்பானில் தொடங்குங்கள். அங்குள்ள நிலையங்கள் ஓயாமல் பேசும், பேசியதை உறுதிசெய்யும் கியூஎஸ்எல் அட்டையும் ஒழுங்காக அனுப்பும். ஜப்பானின் ஹாம் வானொலிச் சங்கமான ஜேஏஆர்எல் தரும் ஜேசிசி விருதுக்கு 100 வெவ்வேறு நகரங்களுடன் பேசி, ஒவ்வொன்றுக்கும் கியூஎஸ்எல் அட்டை வைத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு நகரத்துக்கும் நான்கு இலக்க எண் உண்டு. முதல் இரண்டு மாகாணம், அடுத்த இரண்டு நகரம். சப்போரோ 0101, யோகோஹாமா 1101. ஊர்ப்பெயர் இரைச்சலில் கரைந்தாலும் எண் தப்பி வந்து சேரும். அதனால் "ஜேசிசி நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டுவிடுங்கள், கூச்சமே வேண்டாம்.

அழைப்புக்குறியை, அதாவது நிலையத்தின் அடையாளக் குறியை, வைத்து ஊரை ஊகிக்காதீர்கள். ஜேஏ1 என்று தோக்கியோ வட்டாரக் குறி வைத்திருப்பவர் ஒசாகாவில் உட்கார்ந்து, அந்த வட்டார எண்ணான '/3' சேர்த்துப் பேசிக்கொண்டிருப்பார். கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்டி8 முறையில் வரும் கட்டக் குறியீடும் (வரைபடக் கட்டத்தைக் காட்டும் குறி) உதவாது. ஒரே கட்டத்துக்குள் பல நகரங்கள் அடங்கும். எங்கிருந்து பேசினார் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதே செல்லும்.

நான் அட்டைகளை எண் வரிசையில் பழைய ஷூ பெட்டியில் அடுக்குகிறேன். கணினிப் பட்டியலைவிட இது எனக்கு வேகம். விடுபட்ட எண் கண்ணில் குத்தும்.

பழைய அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். உராவா, ஓமியா, யோனோ மூன்றும் 2001 மே 1-இல் சைத்தாமா நகரமாக இணைந்தன. அதற்கு முன் பேசியிருந்தால் அவை தனித்தனி நகரங்களே.

நேரம்? நம் பிற்பகல் மூன்றரை அங்கே மாலை ஏழு. வேலை முடிந்து வருபவர்களை 21 மெகாஹெர்ட்ஸில் தேடுங்கள். நூறு முடிந்தால் அடுத்த படி இருநூறு.