கொழும்பின் ஈரத்தில் பழைய வீட்டு இதழ்களைக் காப்பாற்றும் முறை

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில், அம்மா 1980களில் சேர்த்துவைத்த மகளிர் இதழ்களும் வீட்டு அலங்கார இதழ்களும் இருந்தன. சமையற் குறிப்புகளின் ஓரத்தில் அவர் பென்சிலால் திருத்தி எழுதிய அளவுகளும், ஒரு நடிகையின் சேலைக் கரையைப் பார்த்து நடுப்பக்கத்தில் வரைந்த பூவேலை மாதிரியும் வேறெங்கும் கிடைக்காதவை. ஆகையால் பூச்சி அரித்த அடையாளத்தைக் கண்ட அன்றே வேலையைத் தொடங்கினேன்.

முதலில் இதழ்களைத் தாளின் தன்மையைப் பார்த்து இரண்டாகப் பிரியுங்கள். செய்தித்தாள் போன்ற சொரசொரப்பான தாள் ஒருபுறமும், பளபளப்பான தாள் மறுபுறமும் இருக்கட்டும். பூஞ்சணம் பிடித்தவற்றை மின்விசிறிக் காற்றில் நன்றாக உலரவிட்டு, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் துடையுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும். மொட்டைமாடி வெயிலில் காயவைப்பது வேண்டவே வேண்டாம். மலிவான தாளில் மரக்கூழின் லிக்னின் என்ற மரப்பொருள் எஞ்சியிருப்பதால், வெயில் பட்டால் அது விரைவில் பழுப்பேறி நொறுங்கத் தொடங்கும்.

அடுத்தது பூச்சிகளைக் கொல்வது. இதழ்களை வெள்ளைத் தாளில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டு, உள்ளிருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி வாயை ஒட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலை அறையில் இரண்டு வாரங்கள் வையுங்கள். அறை மைனஸ் 18 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். இந்தக் குளிர் பூச்சிகளையும் முட்டைகளையும் கொல்லும். பூஞ்சணத்தைக் கொல்லாது, அதன் வளர்ச்சியை நிறுத்திவைக்க மட்டுமே செய்யும்.

நான் தவறியது பையை வெளியே எடுத்த பிறகுதான். ஆவலில் உடனே திறந்துவிட்டேன். குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலின் மேல் நீர் முத்துக்கள் படிவதைப் போல, கொழும்பின் ஈரக் காற்று பட்டதும் ஒவ்வொரு பக்கத்திலும் நீர் படிந்தது. சொரசொரப்பான தாள் அதைத் தாங்கிக்கொண்டது. பளபளப்பான தாளின் மேல் பூசப்பட்டிருக்கும் வெண்களிமண் கலவையோ நீர் பட்டதும் இளகி, உலரும்போது பக்கத்தோடு பக்கமாகப் பசைபோல ஒட்டிக்கொண்டது. பிரிக்க முயன்றபோது படங்களின் நிறம் மற்றப் பக்கத்தோடு உரிந்து போனது. அலங்கார இதழ்கள் இரண்டை அப்படி இழந்தேன். எனவே வெளியே எடுத்த பையை ஒரு முழுநாள் திறக்காமல் வைத்திருங்கள். நீர் பையின் வெளிப்புறத்தில் படியும். இதழ் அறையின் வெப்பநிலைக்கு வந்துசேரும்.

பின்பு இதழின் முதுகில் பக்கங்களைச் சேர்த்துக் குத்தியிருக்கும் துருப்பிடித்த கம்பிகளை அகற்ற வேண்டும். கடற்காற்று வீசும் பகுதிகளில் இவை சீக்கிரமே துருவேறித் தாளைத் தின்றுவிடும். நடுப்பக்கத்தை விரித்து, மடங்கியிருக்கும் கால்களை மழுங்கிய மெல்லிய கத்தியால் நிமிர்த்திய பின்னரே, முதுகுப் பக்கத்தால் கம்பியை வெளியே எடுங்கள். கம்பி கழற்றும் இடுக்கியை நான் தொடுவதில்லை, அது முதுகைக் கிழித்துவிடும். கம்பி இருந்த துளைகளின் வழியே வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து, உட்புறத்தில் முடிச்சிடுங்கள். கிழிந்த இடங்களுக்கு மெல்லிய தாளும் கோதுமை மாப் பசையும் போதும். செலோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும்.

கடைசியாக, இதழ்களை அட்டைப் பெட்டியில் தட்டையாக அடுக்கி, வெளிச்சுவரை ஒட்டாமலும் தரையில் படாமலும் வையுங்கள். அந்துருண்டை போட வேண்டாம். அது பூஞ்சணத்தைத் தடுக்காது, அதன் ஆவியும் மூச்சுக்குக் கெடுதி. மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மாதம் ஒருமுறையாவது பெட்டியைத் திறந்து பாருங்கள்.

பின்சேர்க்கை: ஒரு நாள் காத்திருந்தும் பக்கங்கள் ஒட்டிக்கொண்டதாக வாசகி ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தபோது, இருபது இதழ்களை ஒரே பையில் இறுக்கமாகக் கட்டியிருந்தார் என்று தெரிந்தது. மேலும் கீழும் இருந்தவை சூடேறியபோதும் நடுவில் இருந்தவை குளிராகவே இருந்திருக்கின்றன. ஒரு பைக்கு ஐந்து இதழ்களுக்கு மேல் வைக்காதீர்கள்.