‘ஸ்விண்டில்’ என்றால் சுத்துறது: ஆங்கிலம் பழகத் தொடங்குவோருக்கு

போன வருடம் திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் ஒருவர் சீட்டுப் பிடித்தார். பன்னிரண்டு பேர், மாதம் 5,000 ரூபா. ஏழாவது சீட்டு எனக்கு. அந்த மாதம் பிறந்தபோது அவர் வீட்டில் பூட்டு, ஃபோன் வேலை செய்யவில்லை. ஆறு மாதம் கட்டிய 30,000 போனது போனதுதான். கதை ரியூஷன் பிள்ளைகளின் காதுக்கும் எட்டியது. “சேர், இதை இங்கிலீசில எப்பிடிச் சொல்லுறது? சீட் பண்ணிட்டார் எண்டா?”

பிழையில்லை. ஆனால் இதற்கென்றே அளவெடுத்துத் தைத்த சொல் ஒன்று இருக்கிறது: ஸ்விண்டில்.

படி 1: உச்சரிப்பு

‘வி’ வரும் இடத்தில் மேற்பல் கீழுதட்டில் படக்கூடாது. விசிலடிக்கப் போவதுபோல் உதட்டைக் குவியுங்கள். கடைசியை ‘டில்’ என்று இழுக்காமல் ‘ட்ல்’ என்று முடியுங்கள். இது போதும்.

படி 2: எங்கள் சொல்லோடு பொருத்திப் பாருங்கள்

அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் ‘ஏமாற்று’ என்றுதான் இருக்கும். எங்கள் பேச்சு அப்படி இல்லையே! கரம் விளையாட்டில் காயை ஒளிப்பவன் அலாப்புகிறான், அது ‘சீட்’. ஒன்றுமில்லாததை இருப்பதாகக் காட்டி நம்பவைப்பது பேய்க்காட்டுவது, அது ‘ஃபூல்’. நிலாவெளிக்குப் போக ஓட்டோக்காரர் மூன்று மடங்கு கேட்டு, நாமும் தெரிந்தே கொடுத்தால் அது மொட்டையடிப்பு. ஆங்கிலத்தில் ‘ஃப்ளீஸ்’, அதாவது ஆட்டின் மயிரை மழிப்பது. அவர்களும் மொட்டைதான் அடிக்கிறார்கள், ஆட்டுக்கு.

ஸ்விண்டில் இவை எதுவுமில்லை. பொய் சொல்லி, நம்பிக்கையைச் சம்பாதித்து, காசையோ சொத்தையோ கறப்பது. “என்னைச் சுத்திப்போட்டான்” என்கிறோமே, அதேதான். ‘ஸ்விண்ட்லர்’ என்ற சொல் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதன் வேர்ச்சொல்லுக்குத் தலைசுற்றுதல் என்று பொருள். ஜெர்மன்காரனுக்கும் எங்களுக்கும் ஒரே சுற்று! ஆளைக் குறிக்கும் இந்தச் சொல்லின் வாலை வெட்டித்தான் ‘ஸ்விண்டில்’ என்ற வினையை ஆக்கினார்கள்.

படி 3: வசனம் அமைத்தல்

பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். ‘ஹி ஸ்விண்டில்ட் மை மணி’ என்று எழுதுகிறார்கள். வழக்கமாகச் சுத்தப்படுவது காசல்ல, ஆள். ஆளை முதலில் வையுங்கள், பிறகு ‘அவுட் ஒஃப்’, அதன்பின் பறிபோன பொருள்:

ஹி ஸ்விண்டில்ட் மீ அவுட் ஒஃப் தேர்ட்டி தௌசண்ட் ரூபீஸ்.

காசை முன்னால் வைத்தே ஆகவேண்டும் என்றால், ‘ஹி ஸ்விண்டில்ட் தேர்ட்டி தௌசண்ட் ரூபீஸ் அவுட் ஒஃப் மீ’. இதுவும் சரி. எந்தப் பக்கம் திருப்பினாலும் ‘அவுட் ஒஃப்’ நடுவில் நிற்கும். காசை முன்னால் வைக்கும்போது ‘ஃப்ரொம்’ போடுவதும் உண்டு; ஆளை முன்னால் வைத்தால் அது சரிவராது.

படி 4: எங்கே பாவிக்கக் கூடாது

பரீட்சையில் பார்த்து எழுதுபவன் ஸ்விண்ட்லர் இல்லை. காதலில் கைவிட்டவனும் இல்லை, போகும்போது நகையை எடுத்துக்கொண்டு போகாதவரை. சட்டத்திலும் கவனம்: இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு வரையறுக்கும் குற்றத்தின் பெயர் ‘சீட்டிங்’. அதனால் பொலிஸ் முறைப்பாட்டை ஆங்கிலத்தில் எழுதியபோது நானும் ‘சீட்டிங்’ என்றுதான் போட்டேன். எழுதிக்கொண்ட உத்தியோகத்தர் ஒருதரம் நிமிர்ந்து, “சீட்டா, சீட்டிங்கா?” என்றார்.

இரண்டும்தான் என்றேன்.