வகுப்பில் அடங்காத பிள்ளையை எப்படிக் கையாள்வது? மொரிஷியஸில் புதிதாகத் தமிழ் கற்பிக்க வருபவர்களுக்கு

தமிழ்ப் பாடவேளை வந்ததும் பிள்ளைகள் தங்கள் வகுப்பை விட்டு நம் அறைக்கு வருகிறார்கள். இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி படிக்கிறவர்கள் வேறு வேறு அறைகளுக்குப் போகிறார்கள். அந்த நடையிலேயே பாதிச் சண்டை தொடங்கிவிடும். நான் செய்து பார்த்துப் பலன் கண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: வாசலில் நில்லுங்கள்

பெயர் சொல்லி வணக்கம் சொல்லுங்கள். பலகையில் ஒரு சிறு வேலை தயாராக இருக்கட்டும். உட்கார்ந்ததும் கைக்கு வேலை கிடைத்தால் சண்டை அடங்கும்.

படி 2: மூன்று நாள் குறித்துவையுங்கள்

இதுதான் முக்கியம். அடங்காத பிள்ளை என்ன செய்தான் என்பதோடு, அதற்குச் சற்று முன் வகுப்பில் என்ன நடந்தது என்றும் எழுதுங்கள். நாலாம் வகுப்பில் ஒரு பையன் தினமும் நாற்காலியை இழுப்பான், பென்சிலை எறிவான். திமிர் என்றுதான் நானும் நினைத்தேன். குறிப்பைப் பார்த்தபோதுதான் புரிந்தது: ஒவ்வொரு முறையும் அவன் வாய்விட்டு வாசிக்க வேண்டிய முறை வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் அப்படிச் செய்திருக்கிறான். வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த இங்குள்ள பேச்சு மொழி), பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ் எழுத்து அவனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. வாசிக்கத் தெரியவில்லை என்று மற்றவர்கள் சிரிப்பதைவிட, குறும்புக்காரன் என்று என்னிடம் திட்டு வாங்குவது அவனுக்கு மேலாக இருந்திருக்கிறது. அன்று எனக்கு மனசு கனத்துப்போனது.

படி 3: அவனால் முடிகிற இடத்தில் தொடங்குங்கள்

மறுநாள் அவன் வாசிக்க வேண்டிய இரண்டு சொற்களை முதல் நாளே தனியாகச் சொல்லிக்கொடுத்தேன். காவடி, ரசம், கோயில் போல அவன் வாயில் ஏற்கனவே இருக்கிற சொற்கள். அப்புறம் ஒரு மொரிஷியஸ் 25 ரூபாய் நோட்டைக் கொடுத்து, அதில் தமிழ் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கண்டுபிடித்து வகுப்பு முழுக்கக் காட்டினான்.

படி 4: கலாட்டா நடக்கும்போது

பலகை அருகிலிருந்து கத்தாதீர்கள். பக்கத்தில் போய்க் குனிந்து, மெதுவாகக் கிரியோலில் "கி அரிவே?" (என்ன ஆச்சு?) என்று கேளுங்கள். தமிழ் வகுப்பில் தமிழ்தான் பேச வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் பிள்ளை கலங்கி நிற்கும்போது அவனுக்குப் புரிகிற மொழியில்தான் பேச வேண்டும். "இங்கேயே எழுதுகிறாயா, ஐந்து நிமிடம் அந்தப் பெஞ்சில் இருந்துவிட்டு வருகிறாயா?" என்று இரண்டு வழி கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். முறைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

அடிப்பது கூடவே கூடாது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த குழந்தைகள் சட்டம் பள்ளியில் மட்டுமல்ல, வீட்டிலும் அதைத் தடைசெய்கிறது.

படி 5: வீட்டுக்கு முதலில் நல்ல சேதி

முதல் போனே புகாராக இருந்தால், பிள்ளைக்கு வீட்டில் அடி விழலாம். "இன்று இரண்டு சொல் வாசித்தான்" என்று தொடங்குங்கள். கூட்டிப்போக வருகிற பாட்டியிடமும் சொல்லுங்கள். பல வீடுகளில் தமிழ்மேல் ஆசை அவர்களுக்குத்தான் அதிகம்.

மற்ற பிள்ளைகளை அடிக்கிறான், தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான் என்றால் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அன்றே தலைமை ஆசிரியரிடம் போங்கள். மூன்று நாள் குறித்த நோட்டையும் கையோடு எடுத்துப்போங்கள். தேதியும் நேரமும் அதில் இருக்கட்டும்.