இட்லித் தட்டைக் கைப்பேசியில் படம் எடுக்கும் முறை

உணவுப் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இட்லியைத்தான். பிரியாணியும் கேசரியும் தம் நிறத்தாலேயே பாதிப் படத்தைக் காப்பாற்றிவிடும். வெள்ளை இட்லியும் வெள்ளைத் தேங்காய்ச் சட்னியும் அந்தச் சலுகையைத் தருவதில்லை. வெளிச்சம் அமையாவிட்டால் இட்லி சுண்ணாம்புக் கட்டிபோல் தட்டையாகவோ, பழைய துணிபோல் மஞ்சளாகவோ பதிவாகும். இதைச் சரிசெய்யப் புதுக் கைப்பேசி வேண்டியதில்லை, வீட்டில் ஒரு சன்னல் இருந்தால் போதும்.

முதலில் லென்ஸைத் துடையுங்கள். சமையலறையில் புழங்கும் கைப்பேசியில் எண்ணெய்க் கை படாமல் இருக்காது. அந்த மெல்லிய படலமே பல படங்கள் புகைமூட்டமாகத் தெரியக் காரணம். மென்மையான பருத்தித் துணி போதும்.

அடுத்தது வெளிச்சம். நேர் வெயில் விழாத சன்னலின் அருகே மேசையைப் போடுங்கள். வடக்குச் சன்னலே சிறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் சித்திரைக் கடைசியிலிருந்து ஆடி வரை சூரியன் தமிழகத்துக்கு வடக்கே நகர்ந்துவிடுவதால், அம்மாதங்களில் அங்கேயும் வெயில் நுழையும். அப்போது சன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டால், சுள்ளென்ற வெயில் பரவலான மென்வெளிச்சமாக மாறிவிடும். அறையின் விளக்குகளைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தின் நிறமும் மின்விளக்கின் நிறமும் வேறு. இரண்டும் சேர்ந்தால் இட்லியின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் தெரியும், கேமராவால் ஒரே நேரத்தில் இரண்டையும் திருத்த முடியாது. ஃபிளாஷை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

சன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இல்லாமல், தட்டுக்குப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்புறத்திலோ இருக்க வேண்டும். பக்கத்திலிருந்து சாய்ந்து விழும் வெளிச்சம்தான் இட்லியின் மேட்டையும் அதன் நுண்துளைகளையும் நிழலால் வரைந்து காட்டுகிறது. பார்ப்பவர் அதை வைத்துத்தான் இட்லி மெத்தென்று இருப்பதை உணர்கிறார். எதிர்ப்பக்க நிழல் மிகவும் கறுத்துப்போனால், அங்கே ஒரு வெள்ளை சார்ட் தாளையோ தெர்மாகோல் பலகையையோ நிறுத்தி, நிழல் இளகும்வரை மெல்ல அருகே நகர்த்துங்கள்.

எவர்சில்வர் தட்டு கண்ணாடிபோல உங்களையே காட்டும். வாழையிலை நறுக்கைக் கழுவித் துடைத்து விரித்தால், பச்சையின்மேல் வெள்ளை எடுப்பாக நிற்கும்.

இனிக் கோணம். தோசையை நேர் மேலிருந்து எடுக்கலாம்; இட்லியை அப்படி எடுத்தால் அதன் மேடு மறைந்து வெறும் வட்டமாகிவிடும். சாப்பிட உட்கார்ந்தவரின் பார்வையளவில், ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் தொடங்கி, அதிலிருந்து கொஞ்சம் தாழ இறங்கிப் பாருங்கள். தட்டை நெருங்கி அகலக் கோண லென்ஸில் எடுத்தால் முன்னால் இருக்கும் இட்லி பூதாகாரமாகத் தெரியும். ஆகவே ஓரடி பின்வாங்கி, முதன்மை லென்ஸிலேயே எடுங்கள்.

திரையில் இட்லியைத் தொட்டு, ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும்வரை விரலை அழுத்திப் பிடியுங்கள். கேமரா தன் முன் உள்ள எதையும் நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சமாகவே கணக்கிடுவதால், வெள்ளைப் பொருளை இருட்டாக்கிவிடும். அப்போது திரையில் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுத்து வெளிச்சத்தைக் கூட்டுங்கள். நுண்துளைகள் மறையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிடுங்கள்.

ஆவி படத்தில் விழ வேண்டுமானால் வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும், பின்னணி கருமையாக இருக்க வேண்டும். இட்லி ஆறுவதற்குள் எடுத்தாக வேண்டுமென்பதால், முந்தைய ஈட்டு இட்லியை வைத்து இடம், கோணம், வெளிச்சம் அனைத்தையும் முடிவுசெய்துகொண்டு, பிறகு சூடானதைக் கொண்டுவந்து வையுங்கள். சாம்பாரையும் பொடிக்கான நல்லெண்ணெயையும் கடைசி நொடியில் ஊற்றினால்தான் பளபளப்பு நிற்கும்.

எடுத்த படத்தைத் திருத்தும்போது முதலில் வெண்சமநிலையை (white balance, வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) கவனியுங்கள். இட்லி வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறங்களும் பெரும்பாலும் தம் இடத்துக்கு வந்துவிடும். நிறச்செறிவைக் கூட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். கூட்டினால் சாம்பார் செயற்கையான ஆரஞ்சு நிறத்துக்குத் தாவி, பருப்பின் மஞ்சள் காணாமல் போய்விடும்.